இழுக்கக் கூடாத பிசிறு

எங்கள் ஊர் பேண்டேஜ் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது ஒன்றே ஒன்றுதான். பிசிறு கண்ணில் பட்டால் கை அங்கே போயாக வேண்டும். காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி வலை மாதிரி நெருக்கமில்லாத நெசவு. வெட்டின ஓரத்தில் நூல் தொங்கும். அந்த நூல் புண்ணுக்குள் போய்விட்டால் புண் ஆறாது என்பார்கள். ஓரத்தை உள்பக்கமாக மடிக்க வேண்டும், அதற்கு மேலும் தொங்குவதை இழுத்து எடுத்துவிட வேண்டும். இராஜபாளையத்தில் பாதிப் பெண்களுக்கு இது விரலில் ஊறிப்போன பழக்கம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் முந்தானையில் நூல் நீட்டிக்கொண்டிருந்தால் ஒரு வார்த்தை கேட்காமல் இழுத்துவிடுவார்கள். என் அம்மா டவுன் பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் சட்டைக் காலரில் இழுத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அப்போதும் திருந்தவில்லை.

நாங்கள் மடிக்கிற துணி எங்கே போகிறது என்று யாரும் யோசித்தது கிடையாது. லாரியில் ஏறும், போகும். ஒரு நாள் அது என் உடம்புக்குள்ளேயே வந்து உட்காரும் என்று நான் எங்கே கண்டேன்.

நான் திருநங்கை. அம்மாவுக்கு மூத்த பையனாகப் பிறந்தவள். கம்பெனியில் பெண்கள் நீள மேஜையில் உட்கார்ந்து மடிப்பார்கள், ஆண்கள் மிஷின் பக்கம் நிற்பார்கள். என்னை மிஷின் பக்கம் போட்டார்கள். இரண்டுக்கும் நடுவே சுவர் கிடையாது, தட்டி கிடையாது, வெறும் நடைபாதைதான். அந்தப் பக்கம் அம்மா மடித்துக்கொண்டிருப்பாள், இந்தப் பக்கம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். வீட்டில் சண்டை முற்றின ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டேன். பஸ் ஏறினால் அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத் தூரத்தை அம்மா சில வருஷங்கள் தாண்டவே இல்லை.

அங்கே என்னைச் சேர்த்துக்கொண்டவள் எங்கள் குருவம்மா. எங்களில் மூத்தவள் ஒருத்தி இளையவளை மகளாக எடுத்துக்கொள்வாள், அதன் பிறகு அதுதான் வீடு. இவள் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவள். ரசத்துக்கு உப்புப் போடும்போதுகூடச் சத்தமாகத்தான் போடுவாள். எனக்கும் அவளுக்கும் ஒரு நாளில் பாதி நேரம் வாக்குவாதம்தான்.

பெண்ணாக மாறுகிற ஆபரேஷனை அவள் செய்துகொண்டது ஆஸ்பத்திரியில் இல்லை. அவள் காலத்தில் அதற்கு ஆஸ்பத்திரியே கிடையாது. எங்கள் ஆட்களிலேயே அந்த வேலை தெரிந்த ஒரு தாயம்மா இருப்பாள். கதவைச் சாத்திக்கொண்டு, சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தி, அவரவர் தலைமுடியையே வாயில் கவ்விக்கொள்ளச் சொல்லி, ஒரே வெட்டு. மயக்க மருந்து இல்லை, தையல் இல்லை. பொழைத்தால் அம்மன் அருள், பொழைக்காவிட்டாலும் அம்மன் அருள். குருவம்மா பொழைத்துக்கொண்டாள். ஆனால் புண் ஆறின இடத்தில் மூத்திரத் துவாரம் சுருங்கிப்போய், சில வருஷம் கழித்து ஒன்றுக்குப் போவதே பாடாகிவிட்டது. அதற்காகத்தான் அவள் முதன்முதலாக மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"அப்ப டாக்டருக்கே ஒண்ணும் தெரியாதுடி" என்பாள். "எங்களை ஆம்பள வார்டுல போடவா பொம்பள வார்டுல போடவான்னு அவியளுக்குள்ளயே பேச்சு. பேசி முடிக்கிற வரைக்கும் வராண்டாவுலதான் கிடந்தேன். ஆனா ஒண்ணு, படிக்கிற பிள்ளைகள்ல ஒரு பொண்ணு தினம் வந்து பக்கத்துல உக்காந்து கேக்கும். எப்படி வெட்டுனாங்க, என்ன வச்சு கட்டுனாங்க, எம்புட்டு நாள் படுத்திருந்தீங்கன்னு. முகத்தைச் சுளிக்காம கேக்கும்."

பிறகு அரசாங்கமே இந்த ஆபரேஷனை ஆஸ்பத்திரிகளில் இலவசமாகச் செய்யலாம் என்று வந்தது. எங்களில் ஒவ்வொருத்தியாகப் போய்ப் படுத்து எழுந்து வந்தார்கள். என் முறை வருவதற்கு நான் ஆலாய்ப் பறந்தேன். மனநல டாக்டரிடம் மாதக்கணக்கில் போனேன், மாத்திரை போட்டேன், ரத்தம் கொடுத்தேன். "எப்ப இருந்து இப்படித் தோணுது" என்று ஒருத்தர் மூன்றாவது தடவை கேட்டபோது, "உங்களுக்கு எப்ப இருந்து ஆம்பளைன்னு தோணுது சார்" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டார், நல்ல மனுஷன்.

குருவம்மா போன அதே ஆஸ்பத்திரியில் எனக்குத் தேதி கிடைத்தது. கூட ஒருத்தர் இருந்தே ஆக வேண்டும் என்றார்கள். குருவம்மாதான் வருவதாக இருந்தது. அட்மிஷனுக்கு முந்தின வாரம், கல்யாண மண்டபத்தில் எண்ணெய் சிந்தின தரையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்துகொண்டு என்னையே திட்டினாள். வேறு வழியில்லாமல் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"கூட இருக்க ஆள் இல்ல. ஒரு வாரம்."

"என்னத்துக்கு ஆபரேஷன்?"

"தெரியாத மாதிரி கேக்காத."

பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. பொறவு, "எந்த பஸ்ஸுல வரணும்?" என்றாள்.

ஒரு வயர்கூடையோடு வந்து இறங்கினாள். என்னைக் கூப்பிட அவளுக்கு ஒரு வார்த்தை இல்லை. முன்பெல்லாம் பையன்களைக் கூப்பிடுகிற மாதிரி ஏலே என்பாள். சேலை கட்டி, பூ வைத்து எதிரே நின்றவளைப் பார்த்து அது வாயில் வரவில்லை, பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற ஏட்டியும் வரவில்லை. "இந்தா", "சாப்பாடு", "தண்ணி" என்று சாமான்களைச் சொல்லியே பேச்சை ஓட்டினாள். எனக்கு அதற்கும் கோபம்தான், ஆனால் வந்திருக்கிறாளே.

எனக்குக் கொடுத்த அறையில் ஒரு வாஷ்பேசின் இருந்தது. அதற்கு மேலே சுவரில் ஆணி இருந்தது, கண்ணாடி இல்லை. கண்ணாடி மாட்டியிருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடந்தது.

"கண்ணாடியை யாரும் களவாண்டுட்டாங்களா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

நர்ஸ் சிரித்தாள். "ஆபரேஷன் முடிஞ்சு நாப்பது நாள் நீங்கல்லாம் கண்ணாடி பாக்க மாட்டீங்கல்ல. முதல்ல வந்து படுத்தவங்க, இதைக் கழட்டுனாத்தான் படுப்போம்னு சொல்லிட்டாங்களாம். பெரிய டாக்டரம்மா அப்ப சின்ன டாக்டரு. யாரையும் கூப்பிடாம அவங்களே ஸ்டூல் போட்டு ஏறிக் கழட்டுனாங்களாம். அதுக்கப்புறம் யாரும் மாட்டல."

நான் அந்த வெளுத்த சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நாள் முகம் பார்க்காமல் இருந்து, கடைசி நாள் மஞ்சள் நீராடி, பால் குடம் சுமந்து ஊற்றிவிட்டுத்தான் நாங்கள் கண்ணாடி பார்ப்போம். மூடின கதவுக்குப் பின்னால், உயிரைப் பணயம் வைத்து நடந்த காலத்து வழக்கம் அது. எந்த டாக்டர் புத்தகத்தில் அது இருக்கும்? கவர்மெண்ட் கட்டிடத்தின் சுவரில் அதற்கென்று ஓர் இடம் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு மேல் சிலிர்த்தது.

சாயந்திரம் பெரிய டாக்டரம்மா வந்தார். பேராசிரியர். தலை பாதி நரைத்திருந்தது. எந்த ஊர், எந்தக் குருவின் மகள் என்று கேட்டார். சொன்னேன். "உங்க குருவம்மா இன்னும் அதே மாதிரி சத்தமாத்தான் பேசுறாங்களா?" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, வராண்டாவில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பிள்ளை இவர்தான்.

"நாங்க முதல்ல ஆபரேஷன் பண்ணலை" என்றார். "வெளியில வெட்டிக்கிட்டு வந்தவங்களுக்கு ரிப்பேர் பண்ணோம். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க இங்க யாருமில்லை. உங்க குருவம்மா உடம்புலயும் அவங்களை மாதிரி வந்தவங்க உடம்புலயும்தான் நாங்க படிச்சோம்."

பிறகு பேனாவை எடுத்து என் மேலேயே கோடு போட்டுக் காட்டினார். தோலையும் நரம்பையும் தூக்கி எறிவதில்லை, இடம் மாற்றி வைக்கிறோம் என்றார். வெளியே இருந்த தோல் உள்ளே போய்ச் சுவராகும். அது உடம்போடு ஒட்டிக்கொள்கிற வரை உள்ளே காஸ் வைத்து நெருக்கமாக அடைத்திருப்போம். "அந்த காஸ் அசையவே கூடாது. அசைஞ்சா தோல் கழண்டு கூடவே வந்துரும். இன்னொரு தடவை பண்ண இந்த மாதிரி தோல் கிடையாது." நான் தலையாட்டினேன். அம்மா அப்போது டீ வாங்கக் கீழே போயிருந்தாள்.

ஆபரேஷனைப் பற்றி எனக்கு என்ன தெரியும். முதுகில் ஊசி போட்டார்கள், விளக்கு எரிந்தது, யாரோ தலையைத் தடவினார்கள். கண் விழித்தபோது இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. ஆனாலும் காலம் முழுக்கத் தூக்கிச் சுமந்த ஒன்றை யாரோ வாங்கி இறக்கி வைத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. சத்தமில்லாமல் அழுதேன். அம்மா துடைத்துவிட்டாள்.

மறுநாள் சாயந்திரம்தான் அது நடந்தது. நர்ஸ் மேலே சுற்றியிருந்த கட்டை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருந்தாள். நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். அம்மா போர்வையைச் சரிசெய்தாள். கட்டின் ஓரத்தில், பிளாஸ்திரிக்கு வெளியே, காஸ் துணியின் முனை கொஞ்சம் நீட்டிக்கொண்டு நின்றது. அம்மாவின் கை போனது. அவள் அனுப்பவில்லை, அது தானாகப் போனது. இழுத்தாள்.

எனக்கு உள்ளே ஏதோ நகர்ந்தது. கத்துவதற்குக்கூட மூச்சு வரவில்லை. பிசிறாக இருந்தால் கையோடு வந்திருக்கும். இது வராமல் உள்ளே பிடித்தது. அந்தப் பிடி விரலில் பட்டதும் அம்மா விட்டுவிட்டாள். விட்ட இடத்தில் ரத்தம் ஊறி வந்தது. அவள் உள்ளங்கையை அப்படியே அந்தக் கட்டின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, வாசல் பக்கம் திரும்பி, "சிஸ்டர், செத்த இங்க வாங்க. நான் என்னமோ பண்ணிட்டேன்" என்றாள். இத்தனை வருஷமாக எதைப் பற்றிப் பேச வாய் வராமல் இருந்தாளோ அந்த இடத்தின் மேல் கை வைத்து, நர்ஸ் வருகிற வரை எடுக்காமல் நின்றாள்.

டாக்டரம்மா வந்தார். பார்த்தார். மேலே இன்னும் பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டினார். ரத்தம் நின்றது. "நகர்ந்திருக்கு" என்றார். "உள்ள தோல் பிடிச்சு நிக்குதா கழண்டுருச்சான்னு இப்பப் பாக்க முடியாது. பாக்கப்போனா இன்னும் கெடும். காஸ் எடுக்கிற அன்னைக்குத்தான் தெரியும்." அம்மாவைப் பார்த்து ஏன் தொட்டீங்க என்று கேட்டார். அம்மா, "பிசிறுன்னு நெனச்சேன்" என்றாள்.

எல்லாரும் போன பிறகு நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். "இது நடக்கக் கூடாதுன்னுதான வேண்டிக்கிட்டு வந்த. இப்பச் சந்தோஷமா? கை சும்மாவே இருக்காதா உனக்கு?"

"நான் ஒண்ணும் அப்படி வேண்டிக்கலை" என்றாள் அம்மா. "ஆபரேஷன் மேசையில இருந்து நீ உசுரோட எந்திரிச்சு வரணும்னு மட்டும்தான் வேண்டிக்கிட்டேன்."

அதற்குப் பிறகு அவள் கட்டில் பக்கத்தில் வரும்போதெல்லாம் ஒரு துண்டை எடுத்து இரண்டு கையையும் அதற்குள் சுற்றிக்கொள்வாள். சாப்பாடு ஊட்ட மட்டும் வலது கையை வெளியே எடுப்பாள். ஊட்டி முடித்ததும் மறுபடி சுற்றிக்கொள்வாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவ்வளவு கோபம் இருந்தது.

இடையில் ஒரு காலை, ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா அறையை விட்டு வெளியேறும்போது அம்மா பின்னாலேயே போனாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. எனக்குக் கேட்டது.

"அம்மா, ஒருவேளை கழண்டுருந்துச்சுன்னா என் தொடைத் தோலை எடுத்து வச்சிரலாமா? என் பிள்ளைதான, சேரும்ல?"

"அடுத்தவங்க தோல் சேராதும்மா. பெத்தவங்களோடதா இருந்தாலும் சேராது."

"கொஞ்சம் பாருங்க. வயிறு வேணும்னாலும் எடுத்துக்கோங்க."

டாக்டரம்மா சொன்ன பதில் என் காதில் விழவில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல், நேராகப் படுத்தபடியே விட்டத்தைப் பார்த்து அழுதேன். என் கோபம் அந்தக் காலையோடு போயிற்று.

காஸ் எடுக்கிற நாள் வந்தது. டாக்டரம்மாவோடு இரண்டு மூன்று படிக்கிற பிள்ளைகளும் வந்தார்கள். அம்மாவை வெளியே நிற்கச் சொன்னார்கள். "இருக்கட்டும்" என்றேன். அம்மா துண்டுக்குள் கையைச் சுற்றிக்கொண்டு என் தலைமாட்டில் நின்றாள்.

டாக்டரம்மா அந்த முனையைப் பிடித்தார். அம்மா இழுத்த அதே முனை. மெதுவாக, தண்ணீர் ஊற்றி நனைத்து நனைத்து, விரல் அகலம் விரல் அகலமாக எடுத்தார். மருந்தில் ஊறி மஞ்சளாக, காஸ் வந்துகொண்டே இருந்தது. பாத்திரத்தில் சுருண்டு சுருண்டு விழுந்தது. முடிந்துவிட்டது என்று நினைக்கிறபோது இன்னும் வந்தது. அம்மாவின் மூச்சு என் நெற்றியில் பட்டது. "இம்புட்டுமா உள்ள இருந்துச்சு" என்று அவள் முணுமுணுத்தாள். ஓரம் உள்பக்கம் மடித்து மடித்த துணி. எங்கள் ஊரில் யாரோ மடித்தது.

கடைசி முனை வந்தது. டாக்டரம்மா டார்ச்சை வாங்கிக் குனிந்தார். நான் அவருடைய நரைத்த வகிட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிடிச்சிருக்கு" என்றார். "எல்லாப் பக்கமும் பிடிச்சிருக்கு. நல்ல ரத்த ஓட்டம்." பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு அம்மாவைப் பார்த்து, "வாங்க, நீங்களும் பாருங்க" என்றார்.

அம்மா வந்தாள், குனிந்தாள். சன்னதியில் திரை விலகும்போது நிற்பாளே, அப்படி நின்றாள். "தையலே தெரியலையே" என்றாள். யாரையும் பார்க்காமல், "மனுசக் கை செஞ்சதா இது" என்றாள். எனக்கும் அதே கேள்விதான். ஒரு தாயம்மாவின் கத்தியிலிருந்து இந்த விரல்கள் வரைக்கும், நடுவில் எத்தனை பேர் வராண்டாவில் கிடந்திருப்பார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பினேன். குருவம்மா மாவுக்கட்டுக் காலோடு ஒரு கட்டிலில், நான் இன்னொரு கட்டிலில். வீட்டில் இருந்த கண்ணாடிகளையெல்லாம் துணி போட்டு மூடியிருந்தாள். முதல் நாளே, "காட்டு" என்றாள். தடியை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தாள். என் முழங்காலைத் தட்டினாள்.

"எனக்கு வெட்டி எடுத்தாவ. உனக்குச் செஞ்சு குடுத்திருக்காவ" என்றாள்.

"உன் உடம்பைப் பாத்துப் படிச்சுத்தான் செஞ்சாங்களாம். டாக்டரம்மாவே சொன்னாங்க."

"அந்தப் பிள்ளையா சொல்லிச்சு?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நானும் அந்தக் காலேஜுல வாத்தியாரா இருந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போலச் சத்தமாகச் சிரித்தாள்.

அம்மா வாராவாரம் லீவு நாளில் பஸ் ஏறி வந்தாள், முப்பத்தொன்பதாம் நாள் வந்தவள் அங்கேயே தங்கிவிட்டாள். நாற்பதாம் நாள் விடியற்காலையில் பால் ஊற்றிவிட்டு ஈரத்தோடு வந்து உட்கார்ந்தேன். கண்ணாடியைக் காட்டுவது குருவம்மாவின் உரிமை. அவள் அதை அம்மா கையில் கொடுத்து, "நீயே காட்டு" என்றாள். அம்மா பிடித்துக்கொண்டாள். சாய்த்துப் பிடித்ததில் முதலில் எனக்கு விட்டம்தான் தெரிந்தது. அப்புறம் முகம் தெரிந்தது. அம்மாவின் மூக்கு, அம்மாவின் தாடை. நான் என்னவோ புது முகம் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். அம்மாவை இளசாக்கி வைத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

உடம்பு தேறி, டாக்டரம்மா சரி என்று சொன்ன பிறகு, பழைய கம்பெனிக்கே வேலை கேட்டுப் போனேன். முதலாளி வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். சூப்பர்வைசருக்குத்தான் குழப்பம். நடைபாதை நடுவில் என்னை நிறுத்திவிட்டு மிஷின் பக்கம் பார்க்கிறார், மேஜைப் பக்கம் பார்க்கிறார், தலையைச் சொறிகிறார். மேஜையில் இருந்தவர்கள் எல்லோரும் மடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அம்மா மட்டும் தலை நிமிரவில்லை, கை நிற்கவில்லை. மடித்துக்கொண்டே பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவளும் நகர வேண்டியதாயிற்று. ஓர் ஆள் உட்கார இடம் வந்தது. நான் போய் உட்கார்ந்தேன்.

ஒரு கட்டுத் துணியை என் முன்னால் தள்ளினாள். அவள் பக்கம் மேஜைக் காலில் ஒரு கத்திரி நாடாவில் கட்டித் தொங்கியது. அந்தக் கம்பெனியில் வேறு யாரும் பிசிறுக்குக் கத்திரி வைத்துக்கொள்வதில்லை. அம்மா அதை எடுத்து நீட்டினாள்.

"ஏட்டி, பிசிறைக் கண்டா இழுத்துராத. உள்ள எது பிடிச்சிருக்கோ. பாத்து வெட்டு" என்றாள்.